படித்தேன், சம்மதிக்கிறேன்

கட்டும் வாரத்தில் ஆறாம் குமிழின் எல்லா அடுக்களைகளிலும் சூடு ஏறிவிடும். சனியைச் சுற்றும் டைட்டன் துணைக்கோளின் உறைபனி மேல் கவிழ்ந்திருந்த அந்தக் கண்ணாடிக் குமிழுக்குள் வாழ்ந்த தமிழர்கள், ஆண்டுக்கு ஒரு முறை தங்கள் மூச்சைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டுமானப் பெட்டியில் மூலநிரலை இறக்கி, முதலில் மனிதர் எழுதிய நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றும் தொகுப்பியைக் கட்டுவார்கள். அந்தத் தொகுப்பியை வைத்து, மாற்றிய துண்டுகளை ஒன்றாகக் கோக்கும் இணைப்பியைக் கட்டுவார்கள். இரண்டையும் வைத்து மூச்சு நிரலைக் கட்டி, ஒவ்வொருவர் காறை எலும்புக்குக் கீழேயும் பதித்திருக்கும் கணினிச் சில்லில் நிறுவுவார்கள். அரை நாள் வேலை. பெட்டி கொதிக்கும். அந்தச் சூட்டை வீணாக்குவானேன் என்று அதன்மேல் அப்பளம் சுடுவார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. வீட்டுக்கு வீடு பாசி அல்வா போய்வரும்.

குமிழின் காற்று மெலிது. அதைக் கொண்டு உயிர் வாழ, பிறக்கும் குழந்தைகளின் நுரையீரலை மாற்றியமைத்திருந்தார்கள். மாற்றிய நுரையீரல் தானாக இழுக்காது. சில்லு சொன்னால்தான் இழுக்கும். சில்லில் இருக்கும் நிரலின் ஆயுள் சரியாக ஓராண்டு. அதற்குள் புதிதாகக் கட்டி நிறுவாதவர் கதி என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இவ்வளவு பாடு எதற்கு, ஒரே இடத்தில் கட்டி எல்லாருக்கும் கொடுத்தால் ஆகாதா என்று கேட்கலாம். அப்படித்தான் முதலில் இருந்தது. பூமியிலிருந்து ஆயத்த நிரல் வரும். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு முறை வந்த கோளாறான நிரலால் குமிழில் பாதிப்பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தட்டின் மேல் சாய்ந்துவிட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் மூலச்சட்டம் இயற்றினார்கள். வீட்டுக்கு வெளியே கட்டிய நிரலை எவரும் உடம்பில் ஏற்றக் கூடாது. மூலம் எல்லார் கண்ணுக்கும் திறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வீடும் அதைப் படித்து, சம்மதித்து, தன் கையாலேயே கட்ட வேண்டும். நல்ல சட்டம்தான். மனிதர்கள் படிப்பார்கள் என்று நம்பியது மட்டுமே அதில் இருந்த குறை.

உண்மையைச் சொன்னால், மூச்சு நிரலைப் படிக்கத்தான் செய்தார்கள். அது சின்னது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடமாகவே ஒப்பிப்பார்கள். தொகுப்பியின் மூலம் அப்படியல்ல. முப்பதாயிரம் வரி. அரிசியைக் கல் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியவர்கள், பானையை ஒரு நாளும் கவிழ்த்துப் பார்த்ததில்லை. திரையில் அதன் முதல் பக்கம் விரியும் முன்பே கீழே இருக்கும் கட்டத்தில் பெருவிரலை வைத்துவிடுவார்கள். அந்தக் கட்டத்தில் ‘படித்தேன், சம்மதிக்கிறேன்’ என்று எழுதியிருக்கும். இந்தப் பழக்கம் மட்டும் பூமியிலிருந்து ஒரு குறையும் இல்லாமல் வந்து சேர்ந்திருந்தது.

நப்பின்னைக்கு இந்த வருடம் கட்டும் வாரம் வராமலே போனால் தேவலை என்று இருந்தது. போன வருடம் இதே வாரத்தில்தான் அவள் கணவன் பூவராகன் இறந்தான். அவள் கட்டிக் கொடுத்த நிரலை நிறுவிக்கொண்டு, கண்ணாடி முன் நின்று தலை சீவிக்கொண்டிருந்தவன், சீப்பும் கையுமாக உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் குமிழில் ஒருவருக்கோ இருவருக்கோ இப்படி ஆவதுண்டு. ‘கட்டும்போது ஏதோ பிசகு’ என்பார்கள். அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். பேசாவிட்டாலும் கட்டியவள் யார் என்று எல்லாருக்கும் தெரியும். கை தவறிப் புருஷனைக் கொன்றவள் நான் என்ற எண்ணம் ஒரு வருடமாக அவளைத் தின்றுகொண்டிருந்தது. இந்த வருடம் கட்ட வேண்டியது தனக்கும் ஒன்பது வயது தும்பைக்கும். அவளுக்கு இருப்பது அந்த ஒரு பெண் மட்டும்.

அதனால் எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் செய்தாள். அடுத்தவர்கள் தாண்டிப்போகும் சோதனைகளைக்கூட ஓடவிட்டாள். தொகுப்பி பாதி கட்டி முடிந்த நேரத்தில் பெட்டி நின்றது. திரையில் சிவப்பு எழுத்து.

சத்தம் நின்றதைக் கேட்டு அடுத்த வீட்டுச் சம்பூரணம் கரண்டியோடு வந்தாள். நப்பின்னையைவிடப் பத்து வயது மூத்தவள். இரண்டு பேரப்பிள்ளைகளை இடுப்பிலும் தோளிலுமாக வளர்ப்பவள். யார் வீட்டில் எது நின்றாலும் முதலில் வருபவள்.

“செவப்பா வந்துச்சா? நினைச்சேன். வீட்டாள் வரிசையில உன் வீட்டுக்காரர் பேரு இன்னும் இருக்கில்ல?”

நப்பின்னை திரையைப் பார்த்தாள். வரிசையில் மூன்று எண்கள் இருந்தன. ஒன்றை எடுத்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு வருடமாக மனம் வரவில்லை.

“எங்க அண்ணன் போனப்பவும் இதே செவப்புதான் வந்துச்சு. பேரை எடுத்துட்டு மறுபடி ஓட்டு, போயிடும். எழவு விழுந்த வீட்டுல எல்லாரும் பண்றதுதான்.”

“என்ன எழுதியிருக்குன்னு பாத்தீங்களாக்கா?”

“அதை எதுக்குப் பாக்கணும்? செவப்பு வந்தா பேரை எடுக்கணும். அவ்வளவுதானே?” என்று சொல்லிவிட்டு, அல்வா அடிப்பிடிக்கும் என்று சம்பூரணம் ஓடினாள்.

நப்பின்னை வரிசையைத் திறந்தாள். பூவராகனின் எண் மேல் விரலை வைத்தாள். அழுத்த முடியவில்லை. அழுத்த முடியாமல்தான் சிவப்பு எழுத்தைப் படித்தாள். படிப்பறிவின் மேல் கொண்ட ஆசையினால் அல்ல.

‘பிழை. தொகுப்பி, மிகுதிப் பகுதி. இந்த எண்ணின் மூச்சு சென்ற ஆண்டு இதே பெட்டியில் நிறுத்தப்பட்டுவிட்டது. உயிரோடு இருப்பதாகக் காட்டுவது முரண்.’

நிறுத்தப்பட்டுவிட்டது. நின்றுவிட்டது என்று இல்லை. அவள் மூன்று முறை படித்தாள். பிறகு தொகுப்பியின் மூலத்தைத் திறந்து, மிகுதிப் பகுதி என்ற சொல்லைத் தேடினாள். தேடுவதற்குச் சிரமமே இருக்கவில்லை. பகுதியின் தலையில், குழந்தைக்கும் புரியும் தமிழில், ஒரு குறிப்பே எழுதியிருந்தார்கள்.

‘காற்று ஆலை இத்தனை தலைகளுக்குத்தான் தாங்கும். பிறப்பினால் மிகும் தலைகளை ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பகுதி குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுக்கும். அவர்களுடைய மூச்சு நிரலைக் கட்டும்போது அதில் ஒரு நிறுத்தத்தைச் சேர்த்துவிடும். யாரும் யாரையும் கொன்றதாக ஆகக் கூடாது என்பதால், இதை அவரவர் வீட்டில், அவரவர் சம்மதத்தோடு, அவரவர் கையாலேயே கட்டும்படி வைத்திருக்கிறோம். சம்மதமில்லாதவர் மூல அலுவலகத்தில் தெரிவிக்கலாம்.’

குறிப்பின் கீழே தேதி. அவள் பிறப்பதற்கு முன்பு எழுதியது. அதன் கீழே, ஆண்டுவாரியாக, சம்மதித்தவர்களின் எண்கள். திருமணமான நாள் முதல் ஒவ்வொரு வருடமும் அவள் எண் இருந்தது. பூவராகன் செத்த வருடமும் இருந்தது.

மூல அலுவலர் வாகீசன் மிகவும் மரியாதையான மனிதர். நப்பின்னை அழுதுகொண்டே சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை, தண்ணீர் கொடுத்தார்.

“குடிங்கம்மா. நீங்க இதை ஏதோ ரகசியம் மாதிரி சொல்றீங்க. இதுல மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? எல்லார் வீட்டுப் பெட்டியிலயும் இருக்கு. நீங்களே வருஷா வருஷம் படிச்சேன்னு விரல் வச்சிருக்கீங்க.”

“யாரு சார் அதைப் படிக்கிறா?”

“படிக்கலன்னா அப்ப படிச்சேன்னு ஏம்மா விரல் வச்சீங்க?” கோபமே இல்லாமல், நிஜமாகத் தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டார்.

அவள் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள். “இன்னொரு காற்று ஆலை கட்டியிருக்கலாமே?” என்றாள்.

“எங்கப்பா காலத்துல அந்தத் திருத்தம் வந்துச்சு. எல்லாரும் அஞ்சு வருஷம் தினம் ஒரு மணி நேரம் கூடுதலா வேலை செய்யணும்னு தலைப்புலயே போட்டுட்டாங்க. அதை மட்டும் எல்லாரும் படிச்சாங்க. தோத்துப்போச்சு.” வாகீசன் மேசை மேல் கைகளைக் கோர்த்துக்கொண்டார். “உங்களுக்குச் சம்மதமில்லைன்னா நீங்களும் ஒரு திருத்தம் எழுதலாம். பாதி வீடு சம்மதிச்சா தொகுப்பியில சேர்த்துடுவோம். இந்த வருஷம் மிகுதி ஒண்ணே ஒண்ணுதான், அது இன்னும் யார் மேலயும் விழலை. கட்டும் வாரம் முடியறதுக்குள்ள எழுதுங்க.”

நப்பின்னை எழுதினாள். பள்ளியில் மூச்சு நிரலை ஒப்பித்தவள்தானே, நிரல் மொழி மறந்துபோகவில்லை. குலுக்கலை வெட்டி எறிந்தாள். அதற்குப் பதிலாக, மிகுதி எவ்வளவோ அவ்வளவுக்கு எல்லார் மூச்சிலும் சமமாக ஒரு துளி குறைத்துக்கொள்ளச் சொன்னாள். படியேறினால் கொஞ்சம் இளைக்கும். யாரும் சாக மாட்டார்கள். கூடவே, பூவராகன் எப்படிச் செத்தான், இதுவரை செத்த எல்லாரும் எப்படிச் செத்தார்கள் என்று விளக்கமாக எழுதி, தயவுசெய்து படியுங்கள் என்று தொடங்கி, எல்லா வீடுகளுக்கும் அனுப்பினாள். அனுப்பிவிட்டுக் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் திரண்டு வரும், அழும், அடித்துக்கொள்ளும் என்று நினைத்தாள்.

அவள் டீ போட்டுக் குடித்து முடிப்பதற்குள் எல்லா வீடுகளும் சம்மதித்துவிட்டன. ஒருவரும் வரவில்லை. சம்பூரணம் மட்டும் வாசலில் தலையை நீட்டினாள்.

“அது நீ அனுப்பினதா பின்னை? ஏதோ குப்பை அள்ற நேரத்தை மாத்துறாங்கன்னு நினைச்சேன். விரல் வச்சுட்டேன். ஆமா, அடுப்பு எதுவும் எரியலையே, சாப்பிட்டீங்களா ரெண்டு பேரும்?”

நப்பின்னைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. செத்தவர்களைப் பற்றி ஒருவர்கூடப் படிக்கவில்லை என்பது வலித்தது. ஆனாலும் தும்பை குலுக்கலிலிருந்து தப்பினாள். யார் பிள்ளையும் இனி இப்படிச் சாகாது. அந்தச் சந்தோஷத்தில் மற்றதெல்லாம் பெரிதாகத் தோன்றவில்லை.

கட்டும் வாரத்தின் கடைசி நாள் காலை வாகீசன் கூப்பிட்டு அனுப்பினார். அவளது திருத்தத்தைத் தொகுப்பியோடு இணைத்த முழு வடிவம் தயாராகிவிட்டது. முன்மொழிந்தவர் அதைப் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் மூலம் எல்லாப் பெட்டிகளுக்கும் போகும். தும்பையின் பழைய நிரலுக்கு அன்று மாலை வரைதான் ஆயுள். அதற்குள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்டியாக வேண்டும். தும்பை வேறு பசிக்கிறது என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

“நல்லாப் படிச்சுப் பாத்துட்டு விரல் வைங்கம்மா” என்றார் வாகீசன்.

“நான் எழுதினதுதானே சார்” என்று நப்பின்னை பெருவிரலை வைத்தாள்.

வாகீசன் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. இரண்டாவது தடவை சொல்லும்படி சட்டத்தில் இல்லை.

அவள் எழுதியதற்கும் அதற்கு முன்பே இருந்ததற்கும் இடையில், காற்று ஆலைக் குழு நான்கு வரி சேர்த்திருந்தது. எல்லார் மூச்சையும் சமமாகக் குறைக்க ஆலையில் புதிய அடைப்பான்கள் பொருத்த வேண்டும். அதற்கு ஓராண்டு பிடிக்கும். அதுவரை இந்த ஆண்டின் மிகுதியை முன்மொழிந்தவர் வீட்டிலிருந்து ஈடுகட்டிக்கொள்வது. வீட்டில் பலர் இருந்தால், நெடுங்காலம் காற்றைச் செலவழிக்கக்கூடிய இளையவரை எடுத்துக்கொள்வது. இதையும் தெளிவான தமிழில்தான் எழுதியிருந்தார்கள். கூச்சப்பட்டு எதையும் ஒளிக்கவில்லை.

அன்று மாலை நப்பின்னை தொகுப்பியைக் கட்டினாள். இணைப்பியைக் கட்டினாள். மூச்சு நிரலைக் கட்டினாள். பூவராகனின் எண்ணை வரிசையிலிருந்து அவளே எடுத்திருந்ததால் இந்த முறை ஒரு பிழையும் வரவில்லை. தும்பை சட்டையின் கழுத்தை விலக்கிக் காட்டினாள்.

“வலிக்குமாம்மா?”

“இல்லடி தங்கம். எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது.”

வலிக்கவும் இல்லை. தும்பை சோற்றைப் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டாள். மூன்றாவது கவளம் கையிலேயே இருந்தது.

சம்பூரணம்தான் முதலில் ஓடிவந்தாள். “கட்டும்போது ஏதோ பிசகுடி” என்று நப்பின்னையைக் கட்டிக்கொண்டு கதறினாள். அவளுடைய அழுகையில் கள்ளம் இல்லை. இரண்டு நாள் அங்கேயே தங்கிக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அந்த இரண்டு நாளும் நப்பின்னை அந்த நான்கு வரியைப் படித்துக்கொண்டே இருந்தாள். இது பிசகில்லை அக்கா, இங்கே எழுதியிருக்கிறது பாருங்கள் என்று திரையை நீட்டினாள். “இப்ப எதுக்குடி அதெல்லாம்?” என்று சம்பூரணம் திரையை மெதுவாகத் தள்ளிவைத்துவிட்டு அவள் தலையைக் கோதினாள்.

அடுத்த கட்டும் வாரம் தொடங்கும் முன்பு நப்பின்னை இன்னொரு திருத்தம் எழுதினாள். நிரல் சின்னது, விளக்கம் அதைவிடச் சின்னது. மொத்தமே மூன்று வாக்கியம்.

‘இந்த ஆண்டு ஒவ்வொரு வீட்டிலும் இளையவர் ஒருவருடைய மூச்சு நிறுத்தப்படும். ஒரே ஒரு வீடு மறுப்புத் தெரிவித்தாலும் இந்தத் திருத்தம் செல்லாது. மறுப்பவர் காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.’

இந்தத் தடவை அவள் பெட்டிவழி அனுப்பவில்லை. திரையைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். மூன்றே மூன்று வாக்கியம், படித்துவிட்டு விரல் வையுங்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டுக்கொண்டாள். அவளுக்கு ஒரே ஒரு ஆள் போதும். ஒருவர் படித்துவிட்டு அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்திருந்தால், அவர் காலில் விழுந்து கும்பிட்டிருப்பாள். கன்னத்தைத்தான் கொண்டுபோனாள் என்றே சொல்ல வேண்டும். ஆனால் புருஷனையும் பிள்ளையையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்தவள் வாசலில் வந்து நிற்கிறாள். அவளை நிற்க வைத்துவிட்டு எழுத்தை ஆராய்ந்துகொண்டிருக்க யாருக்கு மனம் வரும்? பார்த்த உடனே விரல் வைத்தார்கள். உள்ளே வந்து உட்காரச் சொன்னார்கள். சிலர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்கள்.

சம்பூரணம் வீட்டுக்கு வந்தபோது பேரப்பிள்ளைகள் இரண்டும் அவள் முதுகில் ஏறி விளையாடிக்கொண்டிருந்தன.

“அக்கா, இதைப் படிங்க.”

“குடு, குடு” என்று சம்பூரணம் முந்தானையில் கையைத் துடைத்தாள்.

“விரல் அப்புறம் வைக்கலாம். முதல்ல படிங்க. ஒரு வரியாவது.”

“நீ குடுத்ததை நான் படிச்சுப் பாத்துட்டா விரல் வைப்பேன்? உன்மேல எனக்கு நம்பிக்கை இல்லையா?”

“நம்பிக்கை வேணாங்க்கா. சின்னவன் பேரைச் சொல்லிக் கேக்கிறேன், படிங்க.”

“போடி பைத்தியம்” என்று அவளை அன்போடு அதட்டிவிட்டுச் சம்பூரணம் பெருவிரலை வைத்தாள்.

அலுவலகத்தில் வாகீசன் எழுந்து நின்று வரவேற்றார். அவருக்கும் வீடு இருந்தது. பிறந்து நான்கு மாதமான மகன் இருந்தான். எல்லா வீடுகளும் சம்மதித்துவிட்டன என்று கண்டதும், ஊரே ஒரு மனதாக ஒப்புக்கொண்டதை நான் எதற்குத் துருவ வேண்டும் என்று தன் வீட்டுக்கான விரலை வைத்தார். காற்று ஆலைக் குழுவும் அதையே நினைத்து விரல் வைத்தது. முழு வடிவத்தை அவள் முன் திருப்பி வைத்து, “படிச்சுப் பாத்துட்டு வைங்கம்மா” என்றார் வழக்கம்போல.

நப்பின்னை உட்கார்ந்தாள். முதல் வரியிலிருந்து தொடங்கினாள். யாராவது ஓர் எழுத்தையாவது மாற்றியிருக்கிறார்களா, ஓர் இடத்திலாவது வேண்டாம் என்று குறித்திருக்கிறார்களா என்று ஒவ்வொரு பக்கமாகத் தேடினாள். வாகீசன் இரண்டு முறை கொட்டாவி விட்டார். மதியம் தாண்டியது. அவள் எழுதிய மூன்று வாக்கியங்களும் எழுதியபடியே இருந்தன. கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்துவிட்டு நிமிர்ந்து, “நீங்க இதைப் படிச்சீங்களா சார்?” என்று கேட்டாள்.

“பின்னே?” என்றார் வாகீசன்.

அவள் திரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு ‘படித்தேன், சம்மதிக்கிறேன்’ என்ற கட்டத்தில் பெருவிரலை வைத்தாள். ஆறாம் குமிழில் அந்த வாசகம் உண்மையானது அதுதான் முதல் தடவை.